இரண்டு முறை எரிந்த சிவப்பு விளக்கு

அந்த மெஷின் எனக்கு இரண்டு முறை சிவப்பு காட்டியிருக்கிறது. முதல் முறை அது சொன்னது சரி. இரண்டாவது முறை அது சொன்னது தப்பு. இரண்டுக்கும் நடுவே நாலு வருஷம்.

நான் கம்பெனி பஸ் ஓட்டுகிறேன். காலை ஆறரைக்குக் காவேரிப்பட்டினத்தில் எடுத்தால் கிருஷ்ணகிரி, சூளகிரி என்று ஆட்களை ஏற்றிக்கொண்டு எட்டேகாலுக்கு ஓசூரில் தொழிற்சாலை வாசலில் நிற்க வேண்டும். ஜெனரல் ஷிப்ட் ஆட்கள், மொத்தம் நாற்பத்திரண்டு பேர். பாதிக்கு மேல் பெண்கள். சீட்டில் உட்கார்ந்த அஞ்சாவது நிமிஷம் தூங்கிவிடுவார்கள். கண்ணாடியில் பார்த்தால் நாற்பத்திரண்டு தலையும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும்.

பதினைந்து வருஷம் நான் குடித்தேன். சாயங்காலம் வண்டியை விட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு குவார்ட்டர். அது பத்தாமல் போனபோது மேலே ஒரு கட்டிங், அதாவது அரை குவார்ட்டர். ஆரம்பத்தில் பாதி கட்டிங்குக்கே கால் பின்னும். பத்து வருஷம் கழித்து ஒன்றரை குவார்ட்டர் போட்டாலும் கோடு போட்ட மாதிரி நேராக நடந்து வீடு சேர்வேன். அதை என் உடம்பின் கெட்டித்தனம் என்று நினைத்திருந்தேன். கூட இருந்தவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். எனக்கு இன்னொரு பெருமையும் உண்டு. காலையில் தொடமாட்டேன். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி குடித்தவன் இல்லை நான். அதனால் குடிகாரர்கள் என்று ஊர் சொல்கிறவர்களில் என்னை நான் சேர்த்துக்கொள்ளவே இல்லை.

தொழிற்சாலை வாசலில் ஊதுகிற மெஷின் வைத்தது அந்தச் சமயத்தில்தான். உள்ளே வருகிற டிரைவர்கள் எல்லாரும் ஊதிவிட்டுத்தான் போக வேண்டும். வாசலில் நின்ற காவலர் ஆனேக்கல் பக்கத்து ஆள், கன்னடம் பேசுகிறவர். கன்னடத்தில் மரியாதையாக ஊதுங்கள் என்பதற்கு 'ஊதி' என்பார்கள். அவர் மெஷினை நீட்டி, "ஊதி அண்ணா, ஊதி" என்றார். நான் சிரித்துக்கொண்டே ஊதினேன். சிவப்பு எரிந்தது.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. டிரான்ஸ்போர்ட் சூப்பர்வைசர் வந்தார். அவரிடம் கத்தினேன். "நேத்து சாயங்காலம் குடிச்சது சார். ஒம்பது மணிக்கு மேல ஒரு சொட்டு தொடலீங்க. தூங்கி எழுந்து, தலைக்கு ஊத்திக்கிட்டு, ஒரு சொம்பு மோர் குடிச்சுட்டு வந்திருக்கேன். இந்த மெசினுதான் ரிப்பேரு."

அவர் தொழிற்சாலைக்குள் இருக்கிற மருத்துவ அறைக்கு என்னை அனுப்பினார்.

அங்கே இருந்த நர்ஸ் திருநெல்வேலிக்காரர். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். நான் கத்துகிறதையெல்லாம் கேட்டுவிட்டு, எத்தனை மணிக்கு ஆரம்பித்தேன், எவ்வளவு, சாப்பிட்டுவிட்டா சாப்பிடாமலா என்று கணக்குக் கேட்கிற மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் சொன்னேன்.

"அண்ணே, நீங்க பொய் சொல்லல. மெஷினும் பொய் சொல்லல" என்றார். "சோறு மாதிரி அது செரிக்கணும்னு காத்திருக்காது. வயித்துலயும் சிறுகுடல்லயும் இருந்து நேரா ரத்தத்துல ஏறிரும். வெறும் வயித்துல குடிச்சா விறுவிறுன்னு ஏறும், சாப்பிட்டிருந்தா மெதுவா ஏறும். ஏறுற வேகம்தான் மாறும். எறங்குற வேகம் மாறவே மாறாது. எறக்குறது ஈரல். கிருஷ்ணகிரி டோல்கேட்டுல ஒரே ஒரு லைன் மட்டும் தொறந்திருக்குன்னு வச்சுக்கோங்க. பின்னால நூறு வண்டி நின்னு ஹாரன் அடிச்சாலும் ஒண்ணு ஒண்ணாத்தானே போகும். ஒரு குவார்ட்டர் முழுசா எறங்கணும்னா ஏழெட்டு மணி நேரமாவது ஆகும். நீங்க ஒன்றரை."

"அப்ப மோரு? குளிச்சது?"

"குளிச்சா உடம்பு சுத்தமாகும். மோர் குடிச்சா தாகம் அடங்கும். ஈரலுக்கு அது ரெண்டும் தெரியாது."

பாக்கு போட்டாலும் பல் விளக்கினாலும் ஏன் மெஷினை ஏமாற்ற முடியாது என்றும் சொன்னார். ரத்தம் நுரையீரலுக்குப் போகிறபோது அதில் இருக்கிற சாராயம் கொஞ்சம் ஆவியாகி மூச்சோடு வெளியே வருகிறது. மெஷின் பிடிப்பது வாய் நாற்றத்தை இல்லை, நெஞ்சுக்குள்ளிருந்து வருகிறதை.

நான் எழுந்து வெளியே வந்தபோது என் பஸ் வாசலில் காலியாக நின்றிருந்தது. பதினைந்து வருஷத்தில் எத்தனை காலை நான் ரத்தத்தில் அதை வைத்துக்கொண்டு அந்தத் தூங்குகிற தலைகளை ஓசூருக்குக் கூட்டி வந்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. அங்கேயே ஓரமாக உட்கார்ந்துவிட்டேன்.

மூன்று மாதம் வண்டி எடுக்கக் கூடாது, ஷெட்டில் பஸ் கழுவ வேண்டும் என்றார்கள். அன்றைக்கே நிறுத்துவது என்று முடிவு செய்தேன். நான் கிளம்பும்போதே நர்ஸ் எச்சரித்திருந்தார். "இத்தனை வருஷம் தினமும் குடிச்சவங்க வீட்டுல வச்சுத் திடீர்னு நிறுத்தக் கூடாது அண்ணே. ஆஸ்பத்திரியில சேந்து நிறுத்துங்க." நான் கேட்கவில்லை. மனசு வைத்தால் நடக்கும் என்று நினைத்தேன்.

மனசு வைத்தேன். உடம்பு வைக்கவில்லை. மறுநாள் காலையில் டீ கிளாசைத் தூக்க முடியாமல் கை ஆடியது. சட்டை வேர்வையில் ஒட்டியது. மூன்றாம் நாள் மத்தியானம் மனைவி சோறு போட்டு வைத்தாள். தட்டு முழுக்கக் கட்டெறும்பு ஊர்ந்தது. நான் தட்டைத் தள்ளிவிட்டு, "எறும்பு மேல சோத்தப் போட்டுட்டியே" என்றேன். அவள் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். போய் ஆட்டோவைக் கூட்டி வந்தாள். தட்டில் எறும்பே இல்லை என்பதைப் பின்னால்தான் சொன்னாள்.

கிருஷ்ணகிரியில் ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் இருந்தேன். ஊசி போட்டார்கள், சத்து மருந்து ஏற்றினார்கள். மாத்திரையை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். நான் டிரைவர் என்று தெரிந்ததும் அங்கிருந்த டாக்டர் ஒரே மூச்சில் விளக்கிவிட்டார்.

"சரக்கு மூளைக்கு பிரேக் மாதிரி. நீங்க பதினஞ்சு வருசம் பிரேக்ல கால வெச்சுக்கிட்டே இருந்தீங்க. மூளை என்னா பண்ணுச்சு? வண்டி நிக்கக் கூடாதுன்னு ஆக்சிலேட்டர மிதிச்சுப் பழகிடுச்சு. அதனாலதான் ஒன்றரை குவார்ட்டர் போட்டும் நேரா நடந்தீங்க. இப்ப பிரேக்ல இருந்து மட்டும் டபக்குன்னு கால எடுத்துட்டீங்க. வண்டி என்னா ஆவும்?"

நான் கெட்டித்தனம் என்று நினைத்திருந்தது அதுதான். வலிப்பு வராமல் தப்பித்தது என் மனைவி ஆட்டோ கூப்பிட்ட நேரத்தால் என்றும் அவர் சொன்னார்.

ஷெட்டில் பஸ் கழுவின மூன்று மாதத்தில் உடம்பு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. முதலில் பசி. பதினைந்து வருஷமாகக் காலையில் பசித்ததே இல்லை என்பது, பசித்த அன்றைக்குத்தான் தெரிந்தது. ஏழு இட்லி தின்றேன். பிறகு தூக்கம். குடித்துவிட்டு விழுந்து கிடந்ததைத் தூக்கம் என்று நினைத்திருந்தேன். கண்ணில் இருந்த மஞ்சள் போனது. கை ஆட்டம் நின்றது. வாளியில் தண்ணீரை விளிம்பு வரை நிரப்பி, ஒரு சொட்டு சிந்தாமல் பஸ்ஸின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு எடுத்துப் போவேன். யாரும் பார்க்கவில்லை. எனக்கே எனக்கு ஒரு பந்தயம். மூன்று மாதம் முடிந்து ரத்தம் பார்த்தபோது டாக்டர், "ஈரல்ல இன்னும் தெம்பு இருக்கு. நேரத்துல நிறுத்திட்டீங்க" என்றார்.

ஸ்டியரிங் திரும்பக் கிடைத்தது. அன்றிலிருந்து தினமும் வாசலில் ஊதினேன். தினமும் பூஜ்யம். மற்ற டிரைவர்களுக்கு அது ஒரு தொந்தரவு. எனக்கு அந்தப் பூஜ்யத்தைப் பார்ப்பது காலை டீ மாதிரி. மழை நாள், கிறிஸ்துமஸ் மறுநாள், மைத்துனன் கல்யாணத்துக்கு மறுநாள், எல்லா நாளும் பூஜ்யம். இப்படி நாலு வருஷம்.

போன வருஷம் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கினேன். பல் டாக்டர் பச்சை நிறத்தில் புதினா வாசம் அடிக்கிற ஒரு மருந்துத் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து, ரெண்டாம் நாளிலிருந்து சாப்பிட்டதும் வாயில் வைத்துக் கொப்பளிக்கச் சொன்னார். ரெண்டாம் நாள் காலை பாட்டிலையும் டிபன் டப்பாவையும் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

சானமாவு காட்டருகே வனத்துறை ஆட்கள் வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள். யானைக் கூட்டம் ரோட்டைத் தாண்டுகிறது, யாரும் கீழே இறங்கக் கூடாது என்றார்கள். அரை மணி நேரம். காத்திருந்த நேரத்தில் இட்லியைப் பிட்டுப் பிட்டு ஒரு பக்கமாக மென்று சாப்பிட்டேன். கொப்பளிக்க இறங்க முடியவில்லை. வழி விட்டதும் ஓசூருக்கு ஒரே ஓட்டம். தொழிற்சாலை வாசலில் ஆட்கள் இறங்குகிறபோது, பல் குழியில் இட்லி அடைத்து வலித்தது. சாக்கடை ஓரமாகப் போய் அந்தப் பச்சை மருந்தை வாய் நிறைய ஊற்றி நன்றாகக் கொப்பளித்துத் துப்பினேன். நேராகப் போய் மெஷினில் ஊதினேன்.

சிவப்பு.

அதே காவலர்தான். மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏனண்ணா இது?" என்றார். கன்னடத்தில் 'ஏன்' என்றால் 'என்ன'.

சூப்பர்வைசரும் பழைய ஆள்தான். வந்து எண்ணைப் பார்த்தார். பஸ் சாவிக்குக் கையை நீட்டினார்.

"நாலு வருசம் இருந்தீங்க. நானே நாலு பேருக்கு உங்களப் பத்திச் சொல்லியிருக்கேன். ஏன் இப்படி?"

"நான் குடிக்கல சார்."

"அன்னிக்கும் இதத்தான் சொன்னீங்க."

இறங்கின ஆட்கள் உள்ளே போகாமல் நின்றார்கள். அந்த நாற்பத்திரண்டு பேரும் பார்க்கிறார்கள் என்று முதுகில் தெரிந்தது. சாவியைக் கொடுத்துவிட்டேன். கொடுத்த பிறகுதான் மெஷினில் இருந்த எண்ணைச் சரியாகப் பார்த்தேன். முதல் முறை வந்ததைப் போலப் பல மடங்கு. ஒன்றரை குவார்ட்டர் குடித்தவனுக்கு அவ்வளவு வரவில்லை. இந்த எண் என் ரத்தத்தில் இருந்தால் நான் நின்றுகொண்டிருக்க முடியாது, சாக்கடை ஓரம் கிடந்திருப்பேன். வாயில் புதினா எரிச்சல் இன்னும் இருந்தது. நர்ஸ் அன்றைக்குச் சொன்னது ஞாபகம் வந்தது. மெஷின் பிடிக்க வேண்டியது நெஞ்சுக்குள்ளிருந்து வருகிறதை. இது வாயிலிருந்து வருகிறது.

"சார், ஒரு பதினஞ்சு நிமிசம் குடுங்க" என்றேன். "உங்க கண்ணு முன்னாடியே உக்காந்திருக்கேன். திரும்ப ஊதுறேன்."

"ஒரு தடவதான் ஊதணும். ரூல்ஸ் அது. திரும்பத் திரும்ப ஊதினா எல்லாரும் கேப்பாங்க."

"அப்படின்னா ரத்தம் எடுங்க. இப்பவே எடுங்க. ரத்தத்துல ஒரு துளி இருந்தா நான் இனிமே இந்த ரோட்டுப் பக்கமே வரல."

என் சீட்டுக்குப் பின்னால் தினமும் உட்காருகிற சூளகிரிக்காரப் பெண் முன்னால் வந்தாள். "அவருக்கு நேர் பின்னாடிதான் சார் உக்காந்து வந்தேன். யானைக்காக நின்னப்போ அரை மணி நேரம் பேசிக்கிட்டிருந்தோம். வாசனையே இல்ல. என் வீட்டுல ஒருத்தர் இருக்காரு, எனக்கு வாசனை தெரியாதா?"

சூப்பர்வைசர் போனை எடுத்து மருத்துவ அறைக்குப் பேசினார். அதே நர்ஸ் நடந்தே வந்தார். என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார்.

"ஊதுறதுக்கு முன்னால வாயில என்ன போட்டீங்க அண்ணே?"

பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தார். சூப்பர்வைசரிடம் காட்டினார். "இதுலயே ஆல்கஹால் இருக்கு சார். வாய் ஈரத்துல ஒட்டியிருக்கு. வெறும் தண்ணியில கொப்பளிக்கச் சொல்லுங்க. பதினஞ்சு நிமிஷம் எதையும் வாயில வைக்காம உக்காரட்டும். வாயில இருக்கதுன்னா அதுக்குள்ள ஆவியாப் போயிரும். ரத்தத்துல இருந்தா அவ்வளவு சீக்கிரம் எங்கயும் போகாது. ஈரல் அப்படி வேகமா வேலை செய்யாது."

காவலர் தன் நாற்காலியைத் தூக்கி வந்து எனக்குப் போட்டார். கொப்பளித்துவிட்டு உட்கார்ந்தேன்.

அந்தப் பதினைந்து நிமிஷம் நான் யாரையும் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த பாதுகாப்பு போஸ்டரைப் படித்தேன், திரும்பப் படித்தேன். குடிக்காதவன் நான், எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு பயம். ஒரு காலத்தில் என் உடம்பே என்னை ஏமாற்றியிருக்கிறது, இல்லாத எறும்பைக் காட்டியிருக்கிறது. இப்போதும் எதையாவது ஒளித்து வைத்திருந்தால்? வாளித் தண்ணீரைச் சிந்தாமல் கொண்டுபோன கையை முழங்கால் மேல் விரித்து வைத்துப் பார்த்தேன். ஆடவில்லை. அதைப் பார்த்ததும் மூச்சு சீரானது.

"ஆயித்து அண்ணா" என்றார் காவலர். நேரம் முடிந்தது.

எழுந்து நின்று நெஞ்சிலிருக்கிற காற்றெல்லாம் போகும் வரை ஊதினேன். பச்சை எரிந்தது. பூஜ்யம்.

காவலர் அந்தப் பூஜ்யத்தை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். சூளகிரிக்காரப் பெண் கைதட்டினாள். பின்னால் நின்றவர்களும் தட்டினார்கள். கம்பெனி வாசலில் நின்று ஒரு டிரைவருக்காக யாரும் கைதட்டி நான் பார்த்ததில்லை.

சூப்பர்வைசருக்கு மட்டும் மனசு ஆறவில்லை. நர்ஸ் கையிலிருந்த பாட்டிலை வாங்கினார். "வாய் கொப்பளிச்சா மெசின் சிவப்பு காட்டுமா? நான் என் ஆயுசுல சரக்கத் தொட்டதில்ல" என்று சொல்லிக்கொண்டே ஒரு மடக்கு ஊற்றிக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, தானே மெஷினை எடுத்து ஊதினார்.

சிவப்பு எரிந்தது. என்னுடையதை விட எண் கூடுதல்.

அவர் மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் எழுந்த நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டேன்.

"பதினஞ்சு நிமிசம் உக்காருங்க சார்" என்றேன்.

முதலில் சிரித்தது அவர்தான். அதன் பிறகுதான் மற்றவர்கள் சிரித்தார்கள். சிரித்து முடித்துச் சாவியை என் கையில் வைத்தார். வைத்தவர் உடனே கையை எடுக்கவில்லை. "மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். அந்த வாரமே வாசலில் ஒரு காகிதம் ஒட்டினார்கள். சிவப்பு வந்தால் தண்ணீரில் கொப்பளித்து, காவலர் முன்னால் பதினைந்து நிமிஷம் உட்கார்ந்து, இரண்டாவது முறை ஊத வேண்டும். அதிலும் சிவப்பு வந்தால்தான் வண்டியைப் பிடுங்குவார்கள். எழுதினது நர்ஸ், கையெழுத்து சூப்பர்வைசர். இன்று அந்த ரூல் எல்லா டிரைவர்களுக்கும்.

அன்று சாயங்காலம் திரும்புகிறபோது பஸ்ஸில் ஒருத்தரும் தூங்கவில்லை. சூளகிரி வரைக்கும் அதே பேச்சு. பின் சீட்டில் இருந்தவர்கள் சூப்பர்வைசர் ஊதினதை நடித்துக் காட்டினார்கள். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். ஆனால் வாய் ஓரம் வலிக்கிற அளவுக்குச் சிரித்துக்கொண்டே ஓட்டினேன், பல் பிடுங்கின வலியோடு சேர்த்து.

வீட்டில் நான் செருப்பைக் கழற்றினதும் மனைவி டிபன் டப்பாவை வாங்க வருவாள். வாங்குகிற சாக்கில் முகத்துக்குப் பக்கமாக வந்து ஒரு மூச்சு இழுப்பாள். நாலு வருஷமாக ஒரு நாள் தவறினதில்லை. எனக்கு அது தெரியாத மாதிரி நான் காட்டிக்கொள்வேன், சும்மா டப்பாவை வாங்குகிற மாதிரி அவள் காட்டிக்கொள்வாள். அன்றைக்கு வாசல்படியிலேயே நின்று நடந்ததையெல்லாம் சொன்னேன். சிவப்பு எரிந்தது என்கிற இடத்தில் அவள் முகம் மாறியது. பச்சை எரிந்தது என்றதும் கதவைப் பிடித்துக்கொண்டாள். சூப்பர்வைசர் ஊதின இடத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பிறகு டப்பாவை வாங்கினாள். பக்கத்தில் வந்து வழக்கம் போல ஒரு மூச்சு இழுத்தாள். இந்த முறை ஒளிக்கவில்லை.

"அவ்ளோ பெரிய மெசின வெச்சுக்கிட்டு ஏன் இந்தப் பாடு படுறாங்க" என்றாள். "எங்கிட்ட அனுப்பியிருந்தா ஒரே நிமிசத்துல சொல்லியிருப்பேன்."

"என்னான்னு?"

"புதினா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், எனக்குக் குழைய வடித்த சோற்றைத் தட்டில் போட்டாள்.